மூன்றாவது வரிசை, பச்சைப் பை

— ஒண்ணு போட்டுக்கோங்கம்மா. அஞ்சு மார்க்குக்கு ஒண்ணு. அதுக்கு மேல கொடுக்க மனசு வரல.

— ‘பனிமுடி ராணி’ தொடருக்கு ஒண்ணா சார்? எல்லாரும் நாலு, அஞ்சுன்னு கொடுக்கிறாங்களே. காரணம் சொன்னீங்கன்னா பதிவு பண்ணிக்கிறேன்.

— அதுல ஒவ்வொருத்தருக்கும் மூணு மூணு பேரு. அரண்மனையில ஒண்ணு, காட்டுல ஒண்ணு, டிராகனைக் கூப்பிடும்போது இன்னொண்ணு. என் சம்சாரத்துக்கு ஒரு பேரே மனசுல நிக்க மாட்டேங்குது. மூணுக்கு நாங்க எங்க போறது?

— ‘பெயர்கள் குழப்பம் தருகின்றன.’ பதிவு பண்ணிட்டேன் சார். டிராகன் காட்சிகள் எப்படி இருந்தது?

— நல்லாத்தான் பறக்குது. குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு ஊரையே எரிச்சுட்டு, மறுநாள் காலையில எல்லாரும் வெள்ளை உடுப்புல உக்காந்து நியாயம் பேசுறாங்க. ஒரு பொட்டு கரி இல்ல. யாரும்மா துவைச்சா?

— ஐயோ, சிரிச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க சார், இந்த அழைப்பு பதிவாகிட்டிருக்கு.

— சிரிம்மா. அதுவும் பதிவாகட்டும்.

— அடுத்தது ‘தூரக்கோள்’. உண்மையைச் சொல்லணும்னா, இதுக்காகத்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க. அந்தத் தொடரோட நாலாவது பாகம் மட்டும் உங்க வீட்டுல அஞ்சு மாசத்துல ஐநூறு தடவைக்கு மேல ஓடியிருக்கு. அதுவும் முழுசா இல்ல. நாப்பத்தோராவது நிமிஷத்துல ஆரம்பிச்சு, நாப்பத்திமூணுல நின்னுடுது. பெட்டியில ஏதாவது கோளாறா சார்?

— கோளாறு பெட்டியில இல்லம்மா.

— பேரன் பேத்திங்க யாராவது ரிமோட்டை வச்சு விளையாடுறாங்களோ?

— பேரனும் கிடையாது, பேத்தியும் கிடையாது. நானும் என் சம்சாரமும்தான். நான்தான் போடுறேன். கை தவறி இல்ல, தெரிஞ்சேதான் போடுறேன்.

— அப்ப தொடர் உங்களுக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு! அஞ்சு போட்டுக்கவா?

— சொல்றேன் கேளுங்க. நான் முப்பத்திநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன். அந்தத் தொடர்ல வர்ற கப்பலோட கதவைப் பாத்துட்டு அஞ்சு கொடுத்தேன்னா என் கூட வேலை பாத்தவன் எவனும் என்கிட்ட பேச மாட்டான். இடது கதவு முந்திக்கிட்டு வந்து நிக்குது. வலது கதவு யோசிச்சு யோசிச்சு வருது. தகரம்கூட இல்ல, பலகையில வெள்ளிச் சாயம். ரெண்டு பக்கமும் ரெண்டு ஆள் மறைஞ்சு நின்னு தள்ளுறான். வலது பக்கத்து ஆள் அன்னைக்குச் சாப்பிடல போல.

— நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போற கப்பல் சார் அது!

— எங்க வேணும்னாலும் போகட்டும். மூணாவது மாடிக்குப் போகணும்னாக்கூட நான் அதுல ஏற மாட்டேன்.

— ஏங்க! யாரு போன்ல? அவளா?

— இல்ல, டி.வி. கம்பெனியிலேர்ந்து பேசுறாங்க. நீ பாலைக் குடி, ஆறிப் போகுது.

— ஏறிட்டாளான்னு கேளுங்க.

— ஏறிட்டா. நல்லபடியா ஏறிட்டா. குடி நீ... ம், சொல்லும்மா. அடுத்த கேள்வி என்ன?

— அது உங்க வீட்டம்மாவா சார்?

— ஆமா.

— யாரு ஏறிட்டாங்களான்னு கேக்கறாங்க?

— அதை எந்தக் கட்டத்துல எழுதப் போற?

— எழுதல சார். நான் கேக்கிறேன்.

— நாப்பத்தோராவது நிமிஷத்துல என்ன வருதுன்னு உனக்குத் தெரியுமா?

— ஜனங்க எல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டு கப்பல் ஏறுற காட்சி. வரிசையா நிப்பாங்க.

— அதுல மூணாவது வரிசை. பச்சைப் பை வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு. முப்பது, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு வயசான மனுஷருக்கு வழி விட்டு ஒதுங்கி நிப்பா. அப்புறம் படியில கால் வச்சு, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாப்பா. கதவு மூடிடும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேச மாட்டா.

— அவங்கதான்...

— என் சம்சாரம் முதல்ல பாத்த அன்னைக்கு எந்திரிச்சு டி.வி. பக்கத்துல போய்க் கையை வச்சுட்டா. ‘நம்ம பொண்ணுங்க. வளந்துட்டா பாருங்க’ன்னா. அப்படிச் சிரிச்சு நான் அவளைப் பாத்து வருஷக்கணக்கா ஆச்சு.

— அவங்களுக்கு ஞாபக மறதியா சார்?

— மூணு வருஷமா. முதல்ல சாவியைத் தேடினா. அப்புறம் அடுப்பை அணைக்க மறந்தா. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் வாசல்ல போய் நின்னுக்கிட்டு, ‘பொண்ணு இன்னும் வரலியே’ன்னா.

— உங்க பொண்ணு இப்ப எங்க இருக்காங்க?

— இல்லம்மா.

— வெளியூர்லயா?

— இல்ல. தவறிட்டா.

— சார்... என்னை மன்னிச்சுடுங்க. தெரியாம கேட்டுட்டேன்.

— நீ என்னம்மா பண்ணுவ. நான்தான் முதல் தப்பு பண்ணினேன். மறைச்சு என்ன பிரயோஜனம்னு, உக்கார வச்சு உண்மையைச் சொன்னேன். ‘பொண்ணு இல்லடி, போயிட்டா’ன்னு. அவளுக்கு அது அன்னைக்குத்தான் நடந்த மாதிரி. சுவத்துல தலையை முட்டிக்கிட்டு அழுதா. மறுநாள் காலையில எந்திரிச்சா, எல்லாம் அழிஞ்சு போச்சு. ‘பொண்ணு எங்க?’ன்னா. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அதே அழுகை. ஒரே சாவை எத்தனை தடவைம்மா சொல்றது? பத்து தடவை சொல்லியிருப்பேன். பதினோராவது தடவை வாய் வரல.

— அப்புறம்?

— டாக்டர்கிட்ட கேட்டேன். ‘சொல்லாதீங்க, அவங்க போக்குல விடுங்க’ன்னாரு. அவரு சொல்லிட்டாரு. அவ போக்குல விட்டா, தெருவுல இறங்கித் தேடப் போயிடறா. ஒருநாள் கொட்டுற மழையில பஸ் நிறுத்தத்துல நின்னுக்கிட்டு, இறங்குற ஒவ்வொரு பொண்ணு முகத்தையும் ரெண்டு கையால பிடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா. சில பேரு பயந்து தள்ளி விட்டுட்டாங்க. முழங்கையில இன்னும் தழும்பு இருக்கு. அந்த வாரம்தான் உங்க தொடர் வந்துச்சு.

— அதுலேர்ந்து வெளிய போகலியா?

— எதுக்குப் போறா? பொண்ணு எங்கன்னு கேப்பா. நான் போட்டுக் காட்டுவேன். ‘பாரு, கப்பல் ஏறிட்டா. பை எடுத்துட்டுப் போறா. பாரு, உன்னைத் திரும்பிப் பாக்கிறா.’ அவ்வளவுதான். ‘ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டாளா?’ன்னு கேப்பா. எடுத்துக்கிட்டாம்பேன். நிம்மதியா சாப்பிடுவா, தூங்குவா. எந்திரிச்சதும் மறுபடி கேப்பா. ஒரு நாளைக்கு மூணு தடவை, நாலு தடவை. சில நாள் ஒரே தடவைதான். அது நல்ல நாள்.

— சார், ஆறாவது பாகத்துல அந்தக் கப்பல்...

— தெரியும். வெடிச்சுடும். அதை நான் மட்டும் பாத்தேன், அவ குளிக்கப் போயிருந்தப்ப, சத்தத்தை நிறுத்திட்டு. கோவம் வந்துச்சு பாரு எனக்கு! ஏழாயிரம் பேரை ஏத்துறாங்க, ஒரு ஆபத்து விளக்கு சிவப்பா எரியுது, எவனும் போய் என்னன்னு பாக்கல. ஒரு மெக்கானிக் இல்ல அந்தக் கப்பல்ல. இதைப் பதிவு பண்ணிக்கோ. இது என் கருத்து. கதை எழுதினவங்களுக்கு ஒரு மெக்கானிக்கை ஏத்தணும்னு தோணல.

— எழுதிக்கிட்டேன் சார். அப்படியே எழுதிக்கிட்டேன்.

— ஏங்க, கப்பல் எப்ப வந்து சேரும்?

— நாளைக்குடி. நாளைக்குக் காலையில.

— ஓட்டுறவன் நல்லவனா?

— நல்லவன். நான் பேசிட்டேன். போ, கொஞ்ச நேரம் படு.

— கதவைப் பூட்டாதீங்க, அவ வந்தா தட்டிக்கிட்டு நிக்கணும்.

— பூட்டல. படு... சொல்லும்மா. லைன்ல இருக்கியா?

— இருக்கேன் சார். ஒரு விஷயம் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

— சொல்லு.

— அந்தக் காட்சி பத்தி நிறைய பேர் கருத்து சொல்லியிருந்தாங்க. இழுவையா இருக்கு, யாருன்னே தெரியாதவங்க எதுக்கு இவ்வளவு நேரம் வரிசையில நிக்கிறாங்கன்னு. பதினோரு நிமிஷக் காட்சியை நாலு நிமிஷமாக் குறைச்சுட்டாங்க. திங்கட்கிழமையிலேர்ந்து புதுசுதான் இருக்கும். பழசை எடுத்துடுவாங்க.

— குறைச்சதுல... மூணாவது வரிசை இருக்கா?

— இல்ல சார். கதாநாயகன் ஏறுறது மட்டும்தான் இருக்கு. கூட்டம் முழுக்கப் போயிடுச்சு.

— திங்கட்கிழமையா? இன்னைக்கு வியாழன்.

— அந்த அறிக்கையை எழுதினது நான்தான் சார். ஒரு நாளைக்கு அறுபது பேர்கிட்ட பேசுறேன். பாதிப் பேரு கதாநாயகன் தலைமுடியைப் பத்திச் சொல்லுவாங்க. மீதிப் பேரு வேகம் பத்தலம்பாங்க. எல்லாத்தையும் சேத்து ‘கூட்டக் காட்சி தேவையற்றது’ன்னு ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிதான்.

— நீ என்னத்தைக் கண்ட. கேட்டதை எழுதின.

— நீங்க போன்ல படம் பிடிச்சு வச்சுக்க முடியாதா?

— பிடிச்சுப் பாத்தேம்மா. கோடு கோடா விழுது. முகமே தெரியல. அவகிட்ட காட்டினேன், ‘இது யாரு?’ன்னுட்டா. எனக்கு உயிரே போயிடுச்சு. உடனே டி.வி.யில பழையபடி போட்ட பிறகுதான் மூச்சு வந்துச்சு.

— சார், ஒரு நிமிஷம். ஒரு வழி இருக்குன்னு நினைக்கிறேன். கூட்டத்துல நடிச்சவங்களுக்கும் ஒப்பந்தம் உண்டு. அதுல ஒரு விதி இருக்கு. நடிச்சவங்க யாராவது தவறிட்டா, பெத்தவங்களோ பிள்ளைங்களோ கேட்டா, அவங்க வர்ற காட்சியைத் தனியா எடுத்துத் தெளிவாப் பதிஞ்சு கொடுக்கணும். போன வருஷம் ஒரு பெரியவரோட பையனுக்குக் கொடுத்தோம். நானே விண்ணப்பம் போட்டேன்.

— கொடுத்துடுவாங்களா?

— கண்டிப்பாக் கொடுப்பாங்க. ரெண்டு நிமிஷக் காட்சிதானே. எடிட்டிங்ல எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் இருக்காரு, சனிக்கிழமைக்குள்ள முடிச்சுத் தரச் சொல்றேன். உங்க டி.வி.யில செருகுற மாதிரியே கொடுத்துடலாம். யாராலயும் அழிக்க முடியாது. எத்தனை தடவை வேணும்னாலும் போட்டுக்கலாம் சார். கப்பலும் வெடிக்காது.

— நீ எதுக்கும்மா இவ்வளவு மெனக்கெடற?

— எங்களுக்கு ஒரு அறிக்கை எழுதினா போதும், வேலை முடிஞ்சுடும். இந்த ஒண்ணையாவது சரி பண்ணிக்கிறேன், விடுங்க. இதோ விண்ணப்பத்தைத் திறந்துட்டேன். நான் கேக்கக் கேக்க சொல்லுங்க, நானே நிரப்பிடறேன். விண்ணப்பிக்கிறவர் உறவு... அப்பான்னு போட்டுட்டேன்.

— இரும்மா.

— காட்சி... நாலாவது பாகம், நாப்பத்தோராவது நிமிஷம், மூணாவது வரிசை. இனிமே பேரு மட்டும்தான் பாக்கி. துணை நடிகர் பட்டியலும் பக்கத்துலயே இருக்கு, ஒத்துப் பாத்து ஒரு டிக் அடிச்சா வேலை முடிஞ்சது. பொண்ணோட முழுப் பேரு சொல்லுங்க.

— அந்தப் பட்டியல்ல எத்தனை பேரு இருக்காங்க?

— நூத்துச் சொச்சம். பேரு, பக்கத்துலயே போட்டோ. நீங்க பேரைச் சொன்னா ஒரு நொடியில வந்துடும்.

— எழுதினதை அழிச்சுடும்மா.

— ஏன் சார்? பயப்படாதீங்க, ஒரு சிக்கலும் வராது.

— சிக்கலுக்குப் பயந்து சொல்லல. இந்த வீட்டுக்குள்ள ஒரு பொய் ஓடிக்கிட்டிருக்கு. அது அவளுக்காக. அதை வாசலைத் தாண்டி வெளிய கொண்டுவந்து, உன் கையால எழுத வச்சு, உன் வேலைக்கு வினை வைக்க எனக்கு மனசு வரல. உன்னை மாதிரி ஒரு பொண்ணு இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகு அதைச் செஞ்சா நான் மனுஷனே இல்ல.

— என்ன பொய் சார்? எனக்குப் புரியல. பேரை மட்டும்தானே கேட்டேன்.

— எங்க பொண்ணு ஏழு வயசுலயே காய்ச்சல்ல போயிட்டாம்மா. மூணாவது வரிசையில நிக்கிற பொண்ணு பேரு என்னன்னு நீதான் அந்தப் பட்டியலைப் பாத்து எனக்குச் சொல்லணும்.