போகிற வழியைக் காட்டு

வேலைக்குப் போகும் ஆட்களை ஒரே சனிக்கிழமைக்குச் சம்மதிக்க வைப்பதுதான், சார், ஆற்றுப் பயணத்தில் கஷ்டமான வேலை. ஒருவருக்கு ஓவர்டைம், இன்னொருவருக்கு மைத்துனி கல்யாணம். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரலைப் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் வேறு. எனக்குப் பொறுமை அதிகம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினேன். மற்றவர்கள் வராவிட்டாலும் பரவாயில்லை. கணேஸ்வரன் வர வேண்டும். கூட்டம் சேர்ந்தால்தான் அவர் வருவார்.

கணேஸ்வரன் என் மனைவி துளசியின் அண்ணன். எங்கள் இருவருக்கும் கயாக் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கோலகுபு பாரு பக்கம் ஆறு பாறைகளுக்கிடையில் விழுந்து ஓடும் பகுதியை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். போன வருஷம் துளசி அங்கேதான் இறந்தாள். அதற்குப் பிறகு அவர் ஆற்றில் இறங்கவில்லை.

ஆற்றில் ஒரு விதி உண்டு. தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் முன்னால் போனவர் பாறையில் ஏறி நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டுவார். அந்தக் கை ஆபத்தைக் காட்டக் கூடாது. போக வேண்டிய பக்கத்தை மட்டுமே காட்ட வேண்டும். வலப்பக்கம் மரம் விழுந்து கிடந்தால் கை இடப்பக்கம் நீள வேண்டும். கை நீண்ட பக்கம் படகு போகும். யாரும் யோசிக்க மாட்டார்கள், யோசிக்க நேரமும் இருக்காது.

நான் அசாம் ஜாவா என்ற ஊர்ப்பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன். அங்கே பாம்பைக் கண்டால் பாம்பைத்தான் காட்டுவோம். காட்டிய பக்கம் எவனும் கால் வைக்க மாட்டான். கற்றுக்கொண்ட காலத்தில் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பாறையைக் கண்டால் பாறையைக் காட்டுவேன். கணேஸ்வரன் துடுப்பால் என் ஹெல்மெட்டில் தட்டுவார்.

“மாப்ள, இது உன் எஸ்டேட் இல்லலா. பாம்பு எங்கன்னு இங்க யாரும் கேக்கல. போற வழியக் காட்டு.”

“விடுண்ணா,” என்று துளசி சிரிப்பாள். “பாம்பு பாக்குற ஆளக் கட்டிக்கிட்டேன், என்ன செய்ய?”

அவள் இறந்த அன்று வளைவுக்கு அப்பால் வலப்பக்கம் ஒரு மரம் விழுந்து கிடந்தது. கிளைகளுக்குள் தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. கை வலப்பக்கம் நீண்டது. அவள் வலப்பக்கம் போனாள்.

விபத்து என்று எழுதி மூடினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையும் இல்லை. அன்று முன்னால் போனவர் கணேஸ்வரன். முன்னால் போகிறவர்தான் கை காட்ட வேண்டும். விதி அதுதான்.

பெருமழைக்குப் பிறகு நான் தனியாகப் போய் கரையோரமாக நடந்து பார்த்தேன். அதே வளைவில், அதே வலப்பக்கத்தில், புதிதாக ஒரு மரம் சிக்கியிருந்தது. அதை நான் வெட்டிப் போடவில்லை, சார். மழை போட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து குழுவில் செய்தி போட்டேன்: துளசி நினைவாக ஒரு பயணம்.

கணேஸ்வரனிடம் மட்டும் நேரில் பேசினேன். நாம் இருவரும் முதலில் இறங்கி அவள் போன இடத்தில் பூ விடுவோம், மற்றவர்கள் மேலே காத்திருக்கட்டும் என்றேன். முன்னால் நான் போய் வழி காட்டுகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று காலை அவரை அழைத்துப் போக சுங்கை சோவில் மாமியார் வீட்டுக்குப் போனேன். அத்தை எல்லோருக்கும் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கட்டி வைத்திருந்தார்.

“ஒரு வருஷமா அவன் சரியாத் தூங்கல, மாப்பிள்ள. நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க. பாத்துக் கூட்டியாங்க.”

“சரி, அத்தை” என்றேன். பொட்டலங்கள் சூடாக இருந்தன.

காரில் கணேஸ்வரன் சொன்னார்: “அன்னிக்குக் கை காட்டுனது யாருன்னு அம்மாகிட்டகூட நான் சொல்லல, மாப்ள. இனியும் சொல்ல மாட்டேன். நீயும் அத மனசுல போட்டு வதைச்சுக்காத.”

குற்றம் செய்தவன் இப்படித்தான் பேசுவான் என்று எனக்குத் தெரியும். தன் வாயை மூடிக்கொண்டதைத் தியாகம்போலச் சொல்லி, என் வாயையும் மூடப் பார்க்கிறார். அதுவரை எனக்குள் இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அங்கே போயிற்று.

எங்கள் நண்பன் குகனோடு மற்றவர்கள் மேலே நின்றார்கள். நான் இடப்பக்கமாக இறங்கி, வளைவிலுள்ள பாறையில் ஏறினேன். கணேஸ்வரன் மடியில் மல்லிகைப் பொட்டலத்தோடு வந்தார். என்னைப் பார்த்தார். நான் வலப்பக்கம் கை நீட்டினேன். சரியாக, அவர் சொல்லிக்கொடுத்தபடி, முழங்கை மடங்காமல். அவர் தலையசைத்துவிட்டு வலப்பக்கம் திரும்பினார்.

மரத்தைக் கண்டதும் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மீட்புக் கயிற்றுப் பை என் கையில்தான் இருந்தது. எறிந்தால் எட்டும் தூரம். நான் எறியவில்லை. பூக்கள் மட்டும் கிளைகளுக்கிடையே நுழைந்து அந்தப் பக்கம் போயின.

இந்த முறையும் விபத்து என்று எழுதிவிடாதீர்கள், சார். தெரிந்தே செய்தேன். வருத்தமில்லை.

குகன் உங்களிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் துளசிக்குப் பின்னால் வந்தவன் அவன். கணேஸ்வரன் அன்று வளைவைத் தாண்டிக் கீழே போய், கயிற்றோடு காத்திருந்தார் என்பது உண்மைதான். துளசி வந்த இடத்திலிருந்து அவர் தெரியமாட்டார் என்பதும் உண்மை. பாறையில் நின்றவன் நான். கை நீட்டியதும் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முன்னால் போனவர் அவர்தானே, சார். என் பெண்டாட்டி வருகிறாள், அங்கே மரம் கிடக்கிறது. நான் மரத்தைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவேன்?