நட்சத்திர வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரன் சொன்னது

என் பெயர் பங்காரு. வயது 63. தகப்பனார் காலஞ்சென்ற முனிரத்தினம். முன்பு விவசாயம், தற்போது ஓய்வு. கதவு எண் 1, முதல் குறுக்குத் தெரு, முல்லைவனம் நகர், கே.ஜி.கண்டிகை சாலை, திருத்தணி என்ற விலாசத்தில் மனைவி கல்பனா, மகள் கவிப்பிரியா ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். விலாசத்தின் கடைசியில் "நட்சத்திர வீட்டுக்கு எதிரில்" என்று காவல் நிலைய ரைட்டர் தாமாகவே சேர்த்து எழுதினார். அதை நான் ஆட்சேபித்தேன். "அப்டி போட்டாத்தான் சம்மன் கொண்டாறவனுக்கு வீடு தெரியும்" என்று சொல்லி அவர் அடிக்க மறுத்துவிட்டார். என் வழக்கே இந்த ஒரு வரிதான் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதை இந்த நிலையத்திலும், இதற்கு மேலுள்ள எந்த நிலையத்திலும், ஒருவரும் நம்பப்போவதில்லை என்று மனமார உறுதி கூறுகிறேன். உதவி ஆய்வாளர் கயல்விழி அம்மா அவர்கள் "சொல்லுங்க, நம்பறதா இல்லையான்னு நாங்க பாத்துக்கறோம்" என்றதன் பேரில் சொல்கிறேன்.

மேற்படி நகருக்கு முதன்முதலில் குடிவந்தவன் நான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே வீடு கட்டியபோது எல்லைக் கற்களும் பாம்புகளும் மட்டுமே இருந்தன. எத்தனை பாம்பு என்று அம்மா கேட்டார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது என்று பதில் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு வீடாக வந்து இன்று நாற்பத்திரண்டு வீடுகள் ஆகியுள்ளன. அத்தனை வீட்டுக்கும் என் வீடுதான் அடையாளம். பங்காரு வீட்டுக்கு மூன்றாவது வீடு, பங்காரு வீட்டுக்குப் பின் தெரு என்றுதான் கல்யாணப் பத்திரிகையும் கேஸ் சிலிண்டரும் வந்து சேரும். என் பெயரைச் சொல்லாமல் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட அந்த நகருக்குள் நுழைந்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எதிர் மனையில் வீடு கட்டி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பிரபுதாஸ் என்பவர் தம் மனைவி மார்த்தாளுடன் குடிவந்தார். அவர் பேரில் எனக்கு எந்தப் புகாரும் கிடையாது. அதுதான் எனக்குப் பெரிய சங்கடம். புகார் சொல்லும்படி அவர் ஒன்றுமே செய்யவில்லை. சென்ற டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸை முன்னிட்டு மாடியில் இரும்புக் கம்பம் நட்டு அதன் உச்சியில் விளக்கு வைத்த நட்சத்திரம் ஒன்றைக் கட்டினார். அதை இன்று நிலையத்தில் அம்மா நாடா வைத்து அளந்து நான்கு அடி என்று எழுதிக்கொண்டார்கள். நான் என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தபோது நாற்பது அடி இருந்தது. அதன் வெளிச்சத்தைச் சிக்னல் என்று நினைத்து அரக்கோணம் மின்சார ரயில் இரண்டு முறை நின்று போனது.

புத்தாண்டு முடிந்ததும் அதைக் கழற்ற அவர் ஏணி வைத்தார். அப்போது சிலிண்டர்காரர் வண்டியை நிறுத்தி, "சார், அத்த மட்டும் கழட்டாதீங்க சார், எங்களுக்கு அதான் அட்ரஸு" என்றார். அவர் ஏணியை எடுத்துவிட்டார். அதன் பிறகு எனக்குக் கூரியர் கொண்டுவந்தவர் போனில், "ஸ்டாருக்கு எதிர் வீடா?" என்று கேட்டார். இல்லை, பங்காரு வீடு என்றேன். "அது எங்க கீதுங்க?" என்றார். நட்சத்திரத்துக்கு எதிரில் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. அன்று நான் துக்கத்தில் சோறு சாப்பிடவில்லை. இட்லி மட்டும் எட்டு சாப்பிட்டேன்.

அதன் பிறகு என் மகளைப் பெண் பார்க்க ஆந்திரா புத்தூரிலிருந்து சூர்யபிரகாஷ் என்ற பையனின் வீட்டார் ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவாயிற்று. நாலரைக்கு இராகு காலம் தொடங்குவதால் அதற்குள் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்பது பையனின் தாயார் கட்டளை. முந்தைய வெள்ளிக்கிழமை என் மனைவி அவர்களுக்குப் போனில் வழி சொன்னாள். "ஆங், ஆமாங்க அண்ணி, கண்டிகை ரோட்டுலயே வந்துகினு இருங்க. மாடி மேல பெரிய ஸ்டாரு கட்டியிருப்பாங்க. அதுக்கு நேர் எதிர்ல நம்ம வீடு" என்று என் காதுபடச் சொன்னாள். பங்காரு வீடு என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க பேரு இன்னா, லைட்டு போட்டா எரியுதா?" என்றாள். பதினான்கு ஆண்டு ஆட்சி அந்தப் போனில் கவிழ்ந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு பிரபுதாஸும் மார்த்தாளும் சர்ச்சுக்குப் புறப்பட்டார்கள். ஞாயிறுதோறும் செய்வதுபோல் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து, "அண்ணா, டேங்க் ரொம்பினா மோட்டார நிறுத்திடுங்க" என்று சொன்னார். அதன் பிறகு நான் சுமார் பத்து மணிக்கு மேற்படி வீட்டு மாடிக்குச் சென்று, நட்சத்திரத்தைக் கம்பத்திலிருந்து அவிழ்த்து, வேட்டியில் சுற்றி எடுத்துவந்து, என் வீட்டு மாடியில் கிடந்த காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து மூடினேன். நட்சத்திரம் இல்லையென்றால் புத்தூர்க்காரர்கள் என் பெயரைச் சொல்லி வழி கேட்பார்கள், தெருவே கை நீட்டிக் காட்டும், அதை அவர்கள் பார்ப்பார்கள் என்பது என் எண்ணம். மோட்டாரை நான் நேரத்துக்கு நிறுத்திவிட்டேன் என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் நகரில் ஞாயிறு மாலை நாலு மணிக்கு நாய்கூடக் குரைப்பதில்லை என்பதை மறந்துவிட்டேன். வழி கேட்க ஒரு ஆள் தெருவில் இல்லை. நாலு குறுக்குத் தெருவும் ஒரே மாதிரி. கார் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. அவர்கள் மூன்று முறை போன் செய்தார்கள். என் மனைவி எண்ணெய்ச் சட்டி முன்னாலிருந்து நகராமல், "மேல பாருங்க, ஸ்டாரு தெரியும் பாருங்க" என்று மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னாள். எனக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை என்னால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை.

மதியமே சர்ச்சிலிருந்து திரும்பியும் மாடியை அண்ணாந்து பார்க்காமல் இருந்து, அந்த நேரத்தில் பால் வாங்க வெளியே வந்த பிரபுதாஸ் காரை நிறுத்தி விசாரித்திருக்கிறார். ஸ்டார் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க வீடுதாங்க, வாங்க" என்று ஸ்கூட்டரில் முன்னால் சென்று கூட்டிவந்து, "நீங்க போவ வேண்டியது எதிர் வீடு" என்று கை காட்டியிருக்கிறார். பையனின் தாயார் கடிகாரத்தைப் பார்த்து, "மணி நாலு இருபத்தொம்பது, எந்த வீடா இருந்தா இன்னா" என்று பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வலது காலை எடுத்து பிரபுதாஸ் வீட்டுக்குள் வைத்துவிட்டார். இனி ஆறு மணி வரை அங்கிருந்து கிளம்ப முடியாது. என் மகளும் மார்த்தாளிடம் புடவை மடிப்பு வைத்துக்கொள்ள அங்கேதான் போயிருந்தாள். ஆகவே என் மகளைப் பெண் பார்க்கும் நிகழ்ச்சி எதிர் வீட்டில் நடந்தது. மார்த்தாள் அச்சு முறுக்கு கொடுத்தார். எங்கள் வீட்டில் தொள்ளாயிரம் பஜ்ஜி ஆறிப்போனது.

அதன் பிறகு நான் தெருவைக் கடந்து சென்றேன். பையனின் தகப்பனார் எழுந்து, "வாங்க, உக்காருங்க. நீங்க பொண்ணுக்கு இன்னா ஆவணும்?" என்று கேட்டார். தகப்பன் என்றேன். அவர் பிரபுதாஸைப் பார்த்தார். பிரபுதாஸ் ஆமாம் என்று தலையசைத்த பிறகுதான் நம்பினார்.

ஆறு மணிக்கு எல்லோரும் வெளியே வந்தபோது பிரபுதாஸ் வழக்கம்போல் நட்சத்திரத்துக்கு ஸ்விட்சைப் போட்டார். கம்பம் மொட்டையாக இருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். என் வாயிலிருந்து "குரங்கு" என்று வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மலையிலிருந்து நூற்றெட்டு குரங்குகள் வரிசையாக வந்து நட்சத்திரத்தைத் தோளில் தூக்கிப்போனதை நானே பார்த்தேன் என்றும் சொன்னேன். மொட்டைக் கம்பத்தை யாரோ படம் பிடித்து நகரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அது மறுநாள் காலைக்குள் எங்கெங்கோ போய், நட்சத்திரத்தை உடைத்தார்கள், அதைப் பிடுங்கி எரித்தார்கள் என்று ஆகிவிட்டது. இப்படிப் பெரிதாக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

திங்களன்று முன்பின் தெரியாத இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, நாங்க ஒங்க பின்னாடி இருக்கறோம்" என்றார்கள். என் பின்னால் என் வீட்டுச் சுவர்தான் இருக்கிறது, அது போதும் என்று சொல்லி அனுப்பினேன். அதேபோல் வேறு சிலர் பிரபுதாஸிடம் சென்று புகார் கொடுக்கச் சொன்னதாகவும், "ஸ்டாரு காணோம், அவ்ளோதாங்க, வேற ஒண்ணுமில்ல" என்று அவர் மறுத்ததாகவும் அறிகிறேன். செவ்வாயன்று புத்தூரிலிருந்து பையனின் தகப்பனார் பேசினார். "தெருவுல மதச் சண்டையாமே, அதுல உங்க பேரு அடிபடுதாமே. போலீஸ்ல இன்னான்னு எழுதறாங்களோ, அத்த பாத்துட்டு சொல்றோம்" என்று வைத்துவிட்டார்.

நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்பது என் மகளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அவள் அழவில்லை. "நைனா, போயி நெஜத்த சொல்லு. பொறாமையில செஞ்சேன்னு சொன்னா சிரிப்பாங்க. சொல்லாம இருந்தா வேற மாதிரி எழுதிப்பாங்க, பயப்படுவாங்க. எனக்கு சிரிச்சா பரவால்ல" என்றாள். ஆகவே இன்று காலை நட்சத்திரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, நானே நிலையத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தேன். ஐந்து முனையும் நன்றாக உள்ளது.

அம்மா, "அறுபத்திமூணு வயசுல, ஒரு அட்ரஸுக்காகவா செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நம்பவில்லை. யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதையும் நம்பவில்லை. அதன் பிறகு மேற்கண்டவற்றை ரைட்டர் எனக்குப் படித்துக் காட்டினார். "இதுல எது நெஜமோ அத்த மட்டும் நீங்களே வாயால சொல்லுங்க. அத வெச்சித்தான் இது திருட்டா, மதச் சண்டையா, எந்தக் கணக்குல போவுதுன்னு நான் முடிவு பண்ணணும்" என்று அம்மா சொன்னார்கள். புகார் இல்லை என்று எழுதிக்கொடுக்க வந்திருந்த பிரபுதாஸ் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். ரைட்டருக்குக் கேட்க வேண்டும் என்றார்கள்.

ஆகவே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இந்த வாக்குமூலத்தில் பெரிதாக இருப்பதையெல்லாம் அடித்துவிட எனக்குச் சம்மதம். ஒரு சிறு பகுதி மட்டும் உண்மை. அந்த மனிதர் சாவியை நம்பி என் கையில் கொடுத்தார். ஜனங்கள் அவர் வீட்டைச் சொல்லி வழி கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. வயிறு எரிந்தது. அவர் கும்பிடுகிற சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை யாரும் சொல்லிக் கொடுக்காமல், நான் எதையும் கூட்டாமல் சொன்னேன்.

(ஒப்பம்) மு. பங்காரு
22.01.2025