வளையம் தங்கல

அந்தக் கோட்ட மட்டும் வச்சிடுங்க சார், அது ஆய்வுக்கூடத்துது. மத்தபடி கப், செருப்பு, நோட்டெல்லாம் உங்க பொண்ணோடதுதான். உக்காருங்க, ஏன் நின்னுக்கிட்டு? என்னது, சாப்பிடறதே இல்லையா? ரூம விட்டே வரலையா? ஐயோ பாவம், மூணு வருஷ உழைப்பாச்சே.

இல்ல சார், இன்னொரு வாய்ப்பெல்லாம் கிடையாது. பேராசிரியர் அவ பேரையே அடிச்சிட்டாரு.

அப்படி என்னதான் செஞ்சான்னு கேக்குறீங்க, சொல்றேன். ஆளக் கொல்ற கிருமி ஒண்ணு இருக்கு. அதோட எந்த ஜீன் அந்த வேலையப் பாக்குதுன்னு தெரியணும்னா, ஒவ்வொண்ணா அணைச்சுப் பாக்கணும். அதுக்கு உள்ள ஒரு கருவி அனுப்பணும். டி.என்.ஏ.ல செஞ்ச குட்டி வளையம், பிளாஸ்மிட்னு பேரு. இந்தக் கிருமி லேசுல அத உள்ள விடாது, விட்டாலும் வச்சுக்காது. அதான் வளையத்துலயே ஒரு ஆன்டிபயாட்டிக்கத் தாங்குற சக்தியும் சேத்துடுவோம். கிருமி வளக்குற தட்டுல அந்த மருந்தக் கலந்துட்டா, வளையத்த வச்சிருக்கறது பொழைக்கும், தூக்கிப் போட்டது சாகும். மருந்து இல்லேன்னா எவன் சார் வேண்டாத சுமையச் சுமப்பான்?

உங்க பொண்ணுக்கு வளையம் தங்கவே இல்ல. கிருமி என்னமோ தட்டு நிறைய வளரும், உள்ள பாத்தா வளையம் இருக்காது. நூறு தடவ மாத்தி மாத்திச் செஞ்சா. பேராசிரியர் எல்லார் முன்னாடியும், உனக்கெல்லாம் எதுக்கு ஆராய்ச்சின்னு கேட்டுட்டாரு. பாத்ரூம்ல போய் அப்படி அழுதா! நான்தான் மூஞ்சி கழுவி விட்டுக் கூட்டிட்டு வந்தேன். அக்கா அக்கான்னு என் தோள்லதான் சாய்வா.

ஆனா சாமர்த்தியம் பத்தல சார். வளையமே இல்லாத வெறும் கிருமிய ஒரு தட்டுல தடவிப் பாத்திருந்தா அதுவும் வளந்திருக்கும், விஷயம் அன்னிக்கே வெட்ட வெளிச்சம். முதல் வாரமே சொல்லிக் குடுக்கற பாடம். இவ பாக்கல. மருந்தக் கலந்து தட்டு ஊத்திக் குடுக்கறது நானில்லையா, சோதிச்சுப் பாத்தா அக்கா மனசு கஷ்டப்படுமாம்.

புரியலையா? தட்டுல மருந்தே இல்ல சார். நான் போடல. அவ செஞ்ச வளையம் அருமையா வேலை செய்யுது, மருந்து போட்ட தட்டுல நானே வளத்துப் பாத்துட்டேன். அடுத்த மாசம் கட்டுரை வருது, என் பேர்ல. பதினோரு வருஷமா எனக்கு வராதது அவளுக்கு மூணே வருஷத்துல வந்தா, நான் என்ன கை தட்டிக்கிட்டா இருப்பேன்?

தாராளமா போய்ச் சொல்லுங்க. இங்க அவளுக்கு ஆறுதல் சொன்னது நான் ஒருத்திதான். அக்காவப் போய் இப்படிச் சொல்றீங்களேப்பான்னு உங்களத்தான் திட்டுவா.