இழுப்பறையில் வைத்த ரிலே

பழைய மோட்டார் சைக்கிளுக்கு எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் வைப்பது பெரிய வித்தை இல்லை, சார். நல்ல டியூபும் நல்ல கிளிப்பும் இருந்தால் இரண்டு மணி நேர வேலை. பக்கத்தில் நின்று பேசுகிறவர்கள்தான் அதை நான்கு மணி நேரமாக்குவார்கள்.

என் தங்கையின் கணவர் அப்படி ஒருவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதித்துப் பழகியதாலோ என்னவோ, உலகத்தில் தன் ஒருவருக்குத்தான் பார்வை தெளிவு என்று நினைப்பு. என் வீட்டுக் குழாயிலிருந்து என் ரத்த அழுத்தம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவரிடம் யோசனை இருந்தது. பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஆயிற்றே.

அவருடைய வண்டிக்கு என் தங்கையைவிட வயது அதிகம். அதன் பழைய பம்ப் செத்துப்போய், மாற்று எங்கும் கிடைக்கவில்லை. அவரே தேடிப் பிடித்து ஒரு எலக்ட்ரிக் பம்பை வாங்கி, அதனோடு வந்த கையேட்டை வரி வரியாகப் படித்துவிட்டு என் பட்டறைக்கு வந்தார்.

அன்று பட்டறையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நான் டியூபைச் சொருகிக்கொண்டிருந்தபோது அவர் கையேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மச்சான், ஒரு நிமிஷம். ஃபில்டர் பம்புக்கு முன்னாடி வரணும். நீங்க பின்னாடி மாட்டுறீங்க. டேங்க்ல இருக்கிற துரு நேரா பம்புக்குள்ள போயிடும்."

சரியாகத்தான் சொன்னார். முப்பது வருடம் இதே வேலை செய்கிறவனுக்கு ஒரு தடவை கை தவறியது. அவ்வளவுதான். வாடிக்கையாளர்களில் ஒருவர் சிரித்தார். "பரவாயில்லையே, உங்க மாப்பிள்ளையையே வேலைக்கு வெச்சுக்கலாம் போல" என்றார். மாப்பிள்ளை அடக்கமாகப் புன்னகைத்தார். அந்த அடக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஃபில்டரை மாற்றி மாட்டினேன். அவர் டீ குடிக்கப் போனார்.

பெட்டியில் பம்போடு ஒரு ரிலேயும் இருந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இன்ஜின் நின்றால் பம்புக்குப் போகிற கரண்டை அது துண்டித்துவிடும். அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும், வித்தியாசமே தெரியாது. ஆனால் கீழே விழுந்து இன்ஜின் நின்றுபோனாலும், சாவியைத் திருப்பி அணைக்கும்வரை பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ரிலேயை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். வயரைச் சாவியிலிருந்து நேராகப் பம்புக்குக் கொடுத்து, சீட்டை மூடினேன். அவ்வளவு படித்தவர் சீட்டைத் தூக்கிப் பார்க்க மாட்டாரா என்ன? பார்த்தால் அவருடைய சாமர்த்தியம் என்று விட்டுவிட்டேன்.

அவர் பார்க்கவில்லை. "மச்சான் கைபட்டா மறுபடி பாக்கத் தேவையில்ல" என்றார். புகழ்ச்சியிலும் சான்றிதழ் கொடுக்கிற தோரணைதான்.

சாயங்காலம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அவர் முன்னால், நான் என் வண்டியில் பின்னால். ஆலைச் சுவரை ஒட்டிய வளைவில் சரளைக்கல் கொட்டிக் கிடந்தது. வழுக்கி விழுந்தார். வேகம் இல்லை, பலமான அடியும் இல்லை. கால் மட்டும் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இன்ஜின் நின்றுவிட்டது. கார்புரேட்டர் பக்கம் டியூப் பிடுங்கிக்கொண்டு பெட்ரோல் வழிந்தது.

நான் வண்டியை நிறுத்திவிட்டு அருகில் போனேன். பம்ப் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கால் மாட்டிக்கிச்சு மச்சான், கொஞ்சம் தூக்குங்க" என்றார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். "பம்ப் ஓடுதே. இன்ஜின் நின்னா அதுவும் நிக்கணுமே?"

"நீங்கதான் படிச்சவரு, சொல்லுங்க" என்றேன்.

சாவி ஹேண்டில் பக்கம் இருந்தது. அவருக்கு எட்டவில்லை. எனக்கு எட்டியது. "மச்சான், சாவி" என்றார். குரலில் அவசரம்கூட இல்லை. பக்கத்து அறையிலிருந்து எதையோ எடுத்துத்தரச் சொல்கிற மாதிரி. நான் எடுத்துத்தரும் ஆள் இல்லை. நின்றேன். மூன்றாவது முறை கேட்டபோதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

சைலன்சர் சூட்டிலோ, பிய்ந்த வயரின் பொறியிலோ, பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு என் சட்டையைக் கழற்றி நான்தான் அணைத்தேன். இந்தக் கைக்கட்டு அதனால் வந்தது. ஆலைக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஏழாம் நாள் கொஞ்சம் பேச்சு வந்தது. என் தங்கை வராந்தாவுக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "அண்ணா, உன்மேல எந்தத் தப்பும் இல்லன்னு சொல்லிட்டாரு. நீ பயந்து போய் நின்னுட்டியாம். யாரும் உன்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாம்."

பயந்து நின்றேனாம். சாகிற நேரத்திலும் என்னை மன்னிக்கிற இடத்தில் போய் அவர் உட்கார்ந்துகொண்டார், பாருங்கள்.

நான் பேசாமலே இருந்திருப்பேன், சார். உங்கள் விசாரணை அறிக்கையின் நகல் நேற்று வந்தது. 'மெக்கானிக்கின் கவனக்குறைவால் ரிலே விடுபட்டுள்ளது' என்று எழுதியிருக்கிறீர்கள். என் கையில் எதுவும் விடுபடாது. தெரிந்தேதான் எடுத்துவைத்தேன். தெரிந்தேதான் சாவியைத் தொடாமல் நின்றேன். மனசாட்சி உறுத்தித்தான் வந்திருக்கிறேன் என்று போட்டுக்கொள்ளுங்கள். 'கவனக்குறைவு' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டால், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.