நாலாவது கோடை

சிலந்தியைப் பூச்சி எண்டு சொல்லுறது பிழை, பிள்ளை. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. நீர் வாசலில வந்து நிண்டவுடன, "அங்கிள், லதீஸ் அண்ணா அந்தப் பூச்சியளைப் பற்றி இப்பவும் எழுதுறவரோ?" எண்டு கேட்டீர். படிச்ச ஆக்களே அப்பிடித்தான் சொல்லுகினம், நான் கோவிக்கேல்லை. இரும். கதிரையில கிடக்கிற புத்தகத்தைக் கீழ வையும். தேத்தண்ணி நானே போட்டது, சாயம் கூடிப்போச்சு. என்ர மனிசி புஸ்பராணி சிட்னியில, மெரிலேண்ட்ஸில மகளோட நிக்கிறா. மெல்பேர்ண் குளிர் அவவின்ர முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளேல்லை.

சிட்னியில இருந்து பிளேன் எடுத்து, நோபல் பார்க் வரைக்கும் வந்து, என்னட்டத் திரும்பவும் ஒரு கையெழுத்துக் கேக்கிறீர். லதீசை வெளியில விட்டா என்ர வீட்டில வைச்சுப் பாக்கிறன் எண்டு. போன முறை விண்ணப்பத்தை மறுத்தது உம்மட பிழை, நீர்தான் எதையோ சரியா நிரப்பேல்லை எண்டு சொல்லிச் சொல்லி அழுகிறீர். லோயருக்குப் படிச்சுப்போட்டு, சிட்னி வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில அடைபட்டுக் கிடக்கிற சனத்துக்காகக் காசு வாங்காமல் ஓடித் திரியிற பிள்ளை. நீர் அழுறதைப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு, ஹரிப்பிரியா. அதாலதான் சொல்லுறன். உம்மில ஒரு பிழையும் இல்லை. அவனை விடவேண்டாமெண்டு நான்தான் சொன்னனான்.

கண்ணைத் துடையும். முதலில இருந்து சொன்னாத்தான் விளங்கும்.

நான் பேராதனையில விலங்கியல் படிச்சனான். இஞ்ச வந்து ஆஸ்பத்திரி லாப்பில போத்தில் கழுவினனான். எங்கட ஆக்களில பாதிப்பேற்ற கதை அதுதான், அதை விடும். பென்சன் எடுத்தாப் பிறகு லைப்ரரிக்குப் போய் விக்ரோறியா மகாராணி காலத்து இயற்கை ஆய்வாளரின்ர கடிதங்களைப் படிக்கத் தொடங்கினன். அந்தக் காலத்தில விஞ்ஞானம் நடந்ததே தபாலிலதான். பெல்டன் எண்டொரு துரை இந்த மெல்பேர்ணில கண் டொக்ரர், வண்டு ஆராய்ச்சிக்காரர். அவர் வீட்டை விட்டு அசைய மாட்டார். வடக்கில, குயீன்ஸ்லாந்துக் காட்டுக்குள்ள, தந்திக் கம்பி வேலை செய்த கொட்டர் எண்டவன்தான் வண்டு பிடிச்சு, பஞ்சில சுத்தி அனுப்பிறது. கொட்டரின்ர ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரித்தான் முடியும். "சேர், காய்ச்சல் விடுகுதில்லை. தெற்குக்கு மாத்தம் எடுத்துத்தர ஆரிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லுவியளோ?" துரைக்கு மேலிடத்தில ஆள் இருந்தது. ஆனா அவர் அடுத்த மழைக்கு வாற வண்டைப் பற்றித்தான் பதில் எழுதுவார். கொட்டர் அங்கேயே செத்தான். துரை ஒரு வண்டுக்கு அவன்ர பேரை வைச்சார்.

படிக்கிற ஆக்கள் துரையைத் திட்டுவினம். எனக்கு அவரில கோவம் வரேல்லை. தெற்குக்கு வந்து ஒரு தபால் கந்தோரில இருந்திருந்தா, கொட்டரை இண்டைக்கு ஆருக்குத் தெரியும்?

இதுக்குள்ளதான் நீர் இஞ்சத்தைக் கோயிலுக்கு வந்து, உள்ளுக்க இருக்கிற ஆக்களுக்கு ஆராவது கடிதம் எழுதுங்கோ எண்டு கேட்டீர். எனக்கு லதீஸ் வந்தான். முல்லைத்தீவுப் பெடியன், படகில வந்தவன், சிவாஜினி எண்டு மனிசியும் கைப்பிள்ளையும் ஊரில. துவாரகா எண்டு அந்தப் பிள்ளைக்குப் பேர். ஃபோனிலதான் அவனுக்கு அதைத் தெரியும். முதல் கடிதங்கள் எல்லாம் வழமையான புலம்பல். நானும் ஆறுதல் எழுதினன். உண்மையைச் சொன்னா எனக்கு அலுப்பாத்தான் இருந்தது.

பிறகு ஒரு கடிதத்தின்ர மூலையில ஒரு சிலந்திப் படம் கீறி அனுப்பினான். முகாம் முற்றத்துச் செங்கல் சுவரில, மழைத் தண்ணி இறங்கிற பைப்புக்குப் பக்கத்தில ஒரு பொந்து, அதில இருக்கிறது எண்டான். குதிக்கிற சாதிச் சிலந்தி. எட்டுக் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில இருந்தது, பிள்ளை. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. முதுகில இருந்த வெள்ளைப் புள்ளிகூடப் பிசகேல்லை. அண்டைக்கு நான் சாப்பிடேல்லை, புஸ்பராணி பேசினவ.

அதுக்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் எழுதினதுதான் கடிதம். நல்ல கடதாசி, பென்சில் எல்லாம் அனுப்பினன். எப்ப முட்டை இடுகுது, ஆண் எந்தக் காலைத் தூக்கி ஆடுது, மழை பெய்தா எங்க போகுது எண்டு நான் கேப்பன், அவன் பாத்து எழுதுவான். தாய் போன பொந்தில மகள் வந்து இருக்குது எண்டு கண்டுபிடிச்சது அவன்தான். முதுகுப் புள்ளியை வைச்சு ஒவ்வொண்டையும் பிரிச்சு அறிவான். நான்தான் சொன்னனான், எல்லாத்துக்கும் பேர் வை, அப்பதான் குழம்பாது எண்டு. அவன் ஒண்டுக்குத் துவாரகா எண்டு வைச்சான்.

இதின்ர பெறுமதி உமக்கு விளங்குதோ தெரியாது. ஒரே சுவரை வருசக்கணக்காப் பாத்துக்கொண்டு இருக்க எந்த யூனிவசிற்றியும் ஆளுக்குச் சம்பளம் குடாது. குடுத்தாலும் ஆர் இருப்பினம்? வெளியில இருக்கிறவனுக்கு வேலை, வீடு, கலியாணவீடு. விஞ்ஞானத்துக்குத் தேவைப்பட்டது எங்கையும் போக ஏலாத ஒரு மனிசன். அப்பிடி ஒருத்தனை நான் தேடிப் போகேல்லை. தானா வந்தது.

மூண்டு கோடை முடிஞ்சுது. தாய், மகள், பேத்தி வரைக்கும் வந்திட்டம், அந்தப் பேத்திதான் துவாரகா. நாலாவது கோடையும் அதே பொந்தில வந்தா, உலகத்தில ஒருத்தரும் காட்டாத ஒண்டை நாங்கள் காட்டுவம். அந்த நேரம் பாத்துத்தான் நீர் அந்த நல்ல செய்தியோட ஃபோன் எடுத்தீர். பொறுப்பெடுக்க ஒரு வீடு இருந்தா விடுவினம் போல கிடக்கு, அங்கிள், நீங்கள் ஓமெண்டு சொன்னாக் காணும் எண்டீர். நான் ஓமெண்டுதான் சொன்னன். கையெழுத்தும் வைச்சன். அதில ஒரு கள்ளமும் இல்லை.

லதீஸ் எழுதினவன். "சேர், மகள் பள்ளிக்கூடம் துவங்கிற நாளுக்கு முதல் நான் வெளியில நிப்பன் எண்டு சொல்லிப்போட்டன். டாண்டினோங்கில கோழிப் பக்ரறியில வேலை இருக்காம். உங்கட வீட்டில எனக்கு ஒரு மூலை காணும்." அந்தக் கடிதத்தில சிலந்தியைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு மனம் நொந்தது. அந்தக் கையைக் கோழி வெட்டவோ விடுறது?

பிறகு விசாரிக்கக் குடிவரவுக் கந்தோரில இருந்து ஒரு பொம்பிளை ஃபோன் எடுத்தவ. நல்ல மரியாதை. அவரை வீட்டில வைச்சிருக்க உங்களுக்கு ஏதும் கவலை இருக்கோ எண்டு இங்கிலீசில கேட்டா. நான் கொஞ்சம் யோசிச்சன்.

"நல்ல மனிசன்," எண்டன். "ஆனா விடிஞ்சாப் பொழுதுபட்டா ஒரு சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். ஒரு சிலந்தியைத் தன்ர மகளின்ர பேர் சொல்லிக் கூப்பிடுறார். அது சாப்பிடேல்லை எண்டு கவலைப்பட்டு எழுதுறார். என்ர மனிசிக்கு வருத்தம், நானும் வயசாளி. எனக்குக் கொஞ்சம் பயமாக் கிடக்கு."

அவ்வளவுதான். அதில ஒரு சொல்லும் பொய்யில்லை. அவ "தாங்க்யூ, இது பெரிய உதவி" எண்டு சொல்லி வைச்சா.

குசினியில புஸ்பராணி தேங்காய் துருவிக்கொண்டு நிண்டவ. சத்தம் நிண்டிட்டுது. "பேர் வைக்கச் சொன்னது நீங்கள்தானே, அப்பா," எண்டா. ஓம், அது ஆராய்ச்சியில உள்ள வழமை எண்டு விளங்கப்படுத்தினன். ஒரு கோடைதானே, அடுத்த வருசம் நானே போய்க் கூட்டிக்கொண்டு வருவன், பதறாத காரியம் சிதறாது எண்டும் சொன்னன். அவ அந்தக் கிழமையே மகளிட்டப் போயிட்டா. முழங்கால் நோவும் உண்மைதான். ஞாயிறுகளில புட்டு அவிச்சுக் கொண்டு முகாமுக்கு லதீசைப் பாக்கப் போறவவாம். என்ர ஃபோனை எடுக்கிறேல்லை.

நான் நினைச்ச மாதிரி நடக்கேல்லை எண்டதை ஒத்துக்கொள்ளுறன். இப்போதைக்கு விட ஏலாது எண்டு மறுப்பு வரும், அவன் ரெண்டு நாள் கவலைப்படுவான், பிறகு கோடை துவங்கும் எண்டுதான் நான் நினைச்சனான். நான் சொன்னதை வைச்சு டொக்ரருக்குக் காட்டுவினம், மருந்து குடுப்பினம் எண்டு நான் காணேல்லை. அந்த மருந்துக்குக் கை நடுங்கும் எண்டும் காணேல்லை. மகளோட ஃபோனில கதைக்கிறதையும் நிப்பாட்டிப்போட்டான் எண்டு நீர்தான் சொன்னீர். வாறன் எண்டு சொன்ன நாளுக்கு வரேல்லை, இனி என்னத்தைக் கதைக்கிறது எண்டானாம்.

நாலாவது கோடைக்கு எனக்கு வந்தது ஒரே ஒரு கடிதம். படம் இல்லை. எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. "சேர், துவாரகா பொந்துக்கு வெளியில வந்து நிண்டது. நான் மற்றப் பக்கம் திரும்பி இருந்திட்டன்." எனக்கு அழுகை வந்தது, பிள்ளை. நான் கல்லு நெஞ்சுக்காரன் இல்லை. அது அந்தப் பேத்தியோ, இல்லாட்டி அதின்ர குஞ்சோ எண்டு அவன் எழுதேல்லை. திகதியும் போடேல்லை. ரெண்டையும் கேட்டுப் பதில் எழுதினன். மறுமொழி இல்லை.

அவனை நான் வேலைக்காரனா நடத்தேல்லை. அதை எழுதிக்கொள்ளும். கட்டுரையில என்ர பேருக்குப் பக்கத்தில அவன்ர பேரும் வரும். எங்கட ஆக்களில எத்தினை பேர் படகில வந்தவை, எத்தினை பேற்ற பேர் மிஞ்சும்? சிவாஜினி ஒருநாள் அதைப் படிச்சாப் பெருமைப்படுவா. அவனில எனக்கு இருந்த பாசம் என்ர பிள்ளையளில இருந்ததை விடக் கூட. சத்தியமாச் சொல்லுறன்.

நீர் ஏன் எழும்பிறீர்? இரும். கையெழுத்துத்தானே கேட்டு வந்தனீர். நான் மாட்டன் எண்டு சொல்லேல்லையே. பேனையைத் தாரும், இப்ப வைக்கிறன். அந்தக் கையால இனிக் கீற ஏலாது, அவன் உள்ளுக்க இருந்தும் பிரயோசனம் இல்லை. வெளியில வரட்டும், பாவம்.

"அங்கிள், நீங்கள் சொன்னது பதிவில கிடக்கு," எண்டுறீர். "இனி ஆர் கையெழுத்து வைச்சாலும் அதைத்தான் முதல்ல பாப்பினம். ஐ காண்ட் ஃபிக்ஸ் திஸ்."

சரி. உமக்குத்தான் சட்டம் தெரியும். நான் என்ர பங்குக்குக் கேட்டுப்போட்டன், நீர்தான் வேண்டாமெண்டுறீர்.

கதவு கொஞ்சம் இறுகும், தள்ளித் திறவும். அவனை வேற பக்கத்துக்கு மாத்தி, அந்தச் சிலந்திச் சுவர் தெரியிற முற்றத்து அறைக்கு ஆரோ ஒரு புதுப் பெடியனை விட்டிருக்கினம் எண்டு போன மாசம் சொன்னீர். எத்தினை வருசம் இருப்பான் எண்டு ஒரு மட்டாத் தெரியுமோ? அவனுக்குக் கீற வருமோ எண்டும் ஒருக்காக் கேட்டுச் சொல்லும்.