நடுவில் வந்த நன்றியுரை

லண்டன் எட்மண்டன் மண்டபத்தில் வாணி விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் இராசரத்தினம் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோரே! பட்டுச் சேலை சரசரக்கப் பிள்ளைகளின் நடனம் காண வந்த தாய்மாரே! சுவரோரம் கைகட்டி நிற்கும் அண்ணைமாரே! உங்கள் அனைவரையும் அச்சத்தோடு வணங்குகிறேன்.

அன்போடு என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? நான் அச்சத்தோடு என்கிறேன். காரணம் வருகிறது.

நான் கம்சிகா. பல்கலைக்கழகத்தில் விழா ஏற்பாடு படிக்கிறவள். பயிற்சிக்காக இந்தச் சங்கத்துக்கு வந்தவள். கதிரை அடுக்கினேன், பதாகை கட்டினேன், பொன்னாடை மடித்தேன். ஒலிவாங்கியைத் துடைக்கத் தந்தார்கள்; பேசத் தந்ததில்லை. இன்று நானே பறித்துக்கொண்டேன்.

"இப்பதானே விழா தொடங்கினது, அதுக்குள்ள என்ன நன்றியுரை?" என்கிறீர்கள். நன்றியுரை என்ற சொல் காதில் விழுந்ததும் கதிரையை விட்டு எழுவது நம் குலவழக்கம் அல்லவா? எத்தனை நன்றியுரைகளை வெறும் கதிரைகள் இருந்து கேட்டிருக்கின்றன! அந்த வழக்கத்தை இன்று கைகூப்பி வேண்டுகிறேன். எழுந்து போங்கள். ஆனால் நான் அழைக்கும் வரிசை மட்டும், நடந்து.

சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டது.

இருங்கோ! ஓடாதேங்கோ அண்ணை, இருங்கோ! முழுவதையும் கேளுங்கள். வடை சுட்டவர்கள் அனைவரும் வெளியே வந்துவிட்டார்கள். கதவைச் சாத்தியாயிற்று. தீயணைப்புப் படைக்குச் சொல்லியாயிற்று. நடனப் பிள்ளைகளை ஆசிரியை தனுஷியா மேடையின் பின்கதவால் கூட்டிச் சென்றுவிட்டார். கார் பார்க்கில் சலங்கையோடு நிற்கிறார்கள்.

அலாரம் ஏன் அடிக்கவில்லை? விளக்கேற்றும்போது அலறக் கூடாதென்று அதற்குப் பொலித்தீன் பை கட்டியிருக்கிறது. "ஒவ்வொரு வருசமும் கட்டுறதுதான் பிள்ளை, ஒண்டும் நடக்காது" என்றார்கள். நடந்துவிட்டது. சுவரில் சிவப்புப் பெட்டி இருக்கிறது. உடைத்தால் மணி அலறும். "உடைக்கட்டோ?" என்று அதனருகே நிற்கும் தொண்டன் தர்சிகன் கேட்டான். பொறு என்றேன்.

ஏன் பொறுக்கச் சொன்னேன்? ஒத்திகையன்று அந்த மணி ஒருமுறை அலறியது. அந்தக் கணத்தில் நாம் லண்டனிலா இருந்தோம்? குண்டு விழுந்த ஊரில் அல்லவா இருந்தோம்! நிர்மலா அக்கா மேசைக்குக் கீழே படுத்துவிட்டார். மற்றவர்கள் ஒரே வாசலுக்கு ஓடினார்கள். எந்த வாசலுக்கு? செருப்புக் கழற்றிய முன்வாசலுக்கு! ஓடினவர் குனிந்தார், குனிந்தவர் மேல் பின்னால் வந்தவர் விழுந்தார். அன்று இருந்தவர்கள் சிலர். இன்று மண்டபம் நிறைந்திருக்கிறது.

ஆகவே முன்வாசல் வேண்டாம். உங்களுக்குப் பின்னால், அதை ஒட்டித்தான் சமையலறை. பக்கவாசல்கள் இரண்டும் திறந்திருக்கின்றன. செருப்பும் வேண்டாம். "புதுச் செருப்பு பிள்ளை!" என்கிறீர்களா, அண்ணை? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இன்று செருப்போடு போகட்டும்!

கடைசி வரிசைத் தாய்மாரே, இன்று நீங்களே முதல்வரிசை. எழும்புங்கோ. அடுத்த வரிசை, குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். திரும்பிப் பார்க்காதேங்கோ! உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதை நான் பார்க்கிறேன். நீங்கள் என்னைப் பாருங்கள். சுவரோர அண்ணைமாரே, முதியோருக்குக் கைகொடுங்கள். நடுவரிசை, நன்றி. நடந்த கால்களுக்கு நன்றி. பொறுத்த நெஞ்சங்களுக்கு நன்றி.

மூன்றாம் வரிசையில் ஒருவர் ஏன் இன்னும் இருக்கிறார்? ஓம், என்னைப் பெற்ற நகுலேஸ்வரி அம்மாவைத்தான் கேட்கிறேன். "நீ இறங்கினால்தான் நான் எழும்புவன்" என்கிறீர்கள். நான் இறங்கினால் வரிசை குலையும், அம்மா. எனக்கும் பயம்தான். பயந்தவள் மேடையில் பேசலாமா? பயந்தவள்தான் பேசவேண்டும்! பயப்படாதவர்கள் அலாரத்துக்குப் பை கட்டினார்கள். பயந்தவள் வாசல் எத்தனை என்று பார்த்து வைத்தாள். பயம் நம்மோடு கடல் கடந்து வந்தது. அதை உதறிவிட்டு ஓடவேண்டாம், கையில் பிடித்துக்கொண்டு நடப்போம்! எழும்புங்கோ அம்மா. முன்வரிசை முதியோரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

தலைவர் அவர்களே, "கூட்டம் முடியாமல் தலைவர் எழும்பக் கூடாது" என்கிறீர்கள். சரி, முறையாகவே முடிக்கிறேன். புகை இப்போது நடுக்கதிரைகளுக்கு வந்துவிட்டது. வந்தவர்க்கும், வழிவிட்டவர்க்கும், வெறுங்காலோடு குளிரில் நிற்பவர்க்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. விழா இனிதே... இல்லை, விழா முடிந்தது. மேடையின் பின்கதவால் இறங்குங்கள் ஐயா, மெதுவாக.

தர்சிகன், இப்போது பெட்டியை உடைத்துவிட்டு நீயும் வெளியே போ. மணி அலறட்டும்.

என் முதல் மேடைப்பேச்சு. கேட்க ஒருவரும் இல்லை. இதைவிட எனக்கு என்ன வேண்டும்? வணக்கம்.

பக்கவாசலில் இன்னும் நிற்கிற அம்மா, போங்கோ. வாறன்.