தினைமாவில் செந்தூரம்

மலையில் மழை பிடித்தால் முழங்கால் மருந்துதான் அதிகம் விற்கும், ஐயா. பஸ் நிற்கும் இடத்தில் என் நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. மூட்டுவலிச் செந்தூரத்தைக் கீழே சேலத்தில் வாங்கிவந்து பொட்டலம் போடுவேன். என் மனைவி அத்தாயிக்கும் அதையே கொடுத்தேன். வலி குறைந்தது. அதுவரை என்மேல் குற்றமில்லை.

பிறகு அவளுக்குக் கை நடுங்கியது. உலை வைத்ததை மறந்தாள். ஒருநாள் வலிப்பு வந்து, தெளிந்ததும் வெறும் மூலையைப் பார்த்து, “பாறைக்குக் கீழ, பாறைக்குக் கீழ” என்றாள். காணாமல் போன மாட்டைத் தேடிவந்த கருப்பண்ணன் அதைக் கேட்டுவிட்டார். மாடு அங்கேதான் நின்றது. எங்கள் ஊரில் பாறைக்குக் கீழே இல்லாத இடம் குறைவு. அதை யாரும் யோசிக்கவில்லை.

ஊரே குறி கேட்க வந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எந்த விசேஷத்திலும் ஊர்ப் பெண்கள் அவளை முன்னால் நிற்க விட்டதில்லை. இப்போது அதே பெண்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் கிடத்தினார்கள். நான் உண்டியல் வைக்கவில்லை.

அவள் தம்பி அப்பாசாமிதான் நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனான். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, செந்தூரத்தில் கலந்திருக்கிறது, மூளையைக் கெடுக்கிறது, நிறுத்துங்கள் என்றார் டாக்டர். கடையில் அதை விற்பதை அன்றே நிறுத்தினேன். எனக்கும் மனசாட்சி உண்டு.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் அத்தாயி தேறினாள். குறி நின்றது.

“ஏனுங்க, சாமி மலையேறிருச்சுங்களா?” என்றார் கருப்பண்ணன். “நாம இருக்கறதே மலை மேல. இன்னும் எங்கீங்க ஏறும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அவளை அழைக்கவில்லை. அவள் கதவுக்குப் பின்னால் நின்று வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

“அந்தச் செவப்புப் பொடி மட்டும் வேண்டாங்க. அதத் தின்னா தலைக்குள்ள ஆரோ நடக்கறாங்க” என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் மிச்சமிருந்ததைத் தினைமாவில் தேன்விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தேன். டாக்டர் சொன்ன சத்துமாவு என்றேன். தின்றாள். அவளை நான் கட்டாயப்படுத்தியதே இல்லை.

மறுபடியும் கூட்டம் வந்தது. அப்பாசாமி இங்கே ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் நியாயம்தான். அவனுக்கு அக்காவைத்தான் தெரியும், சாமியைத் தெரியாது.

இன்று காலையும் உருண்டை கொடுத்துவிட்டுத்தான், நீங்கள் கூப்பிட்டதும் கிளம்பினேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

“நீங்க ஆருங்க? குறி கேக்க வந்தீங்களா?”

“ஆமாங்க சாமி. எனக்கு ஏதாச்சும் கெடுதல் வருமுங்களா?”

அவள் கைகள் மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்கின. இப்போது அவற்றைத் தூக்க அவளால் முடியாது. நானே ஒரு கையை எடுத்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன். ஆசி கிடைத்துவிட்டது, ஐயா. அதனால்தான் உங்கள்முன் பயமில்லாமல் பேசுகிறேன்.